வாசலில் நிறுத்திவைக்கப்பட்ட நாயகி

பல் மருத்துவமனையின் முன்னறையில் உட்கார்ந்து வரிசை எண் கொடுக்கிற பெண்மணிக்கு ஊர் வைத்த பெயர் டோக்கன் அக்கா. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது சம்பளப் பட்டியலை விட்டு வெளியே வந்ததே இல்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நீளமான பெயர் சொல்லப் பொறுமை ஏது? மாலையில் அவள் படிக்கப் போகிற கல்லூரியிலும் அதே பெயர்தான். அங்கே பாடம் நடத்துகிறவர்களில் பாதிப் பேரை டோக்கன் கொடுத்து நாற்காலிக்கு அனுப்பிவைத்தவள் அவள்.

கல்யாணத்துக்காகப் பாதியில் போட்டுவிட்டு வந்த இலக்கியப் படிப்பை, மகள் தோளுக்கு மேல் வளர்ந்த பிறகு மறுபடி கையில் எடுத்திருந்தாள். எல்லாத் தாளிலும் தேறியாகிவிட்டது. மிச்சம் இருந்தது பாடத்திட்டத்தில் இருக்கிற பழைய பெரிய நாவலைப் பற்றி எழுத வேண்டிய ஆய்வுக் கட்டுரை ஒன்றுதான். அதில்தான் போன வருஷம் கவிழ்ந்தாள். கட்டுரைக்கு இரண்டு வாய்ப்புக்கு மேல் கிடையாது என்பது கல்லூரி விதி. இந்தத் தடவையும் போனால் பட்டமும் போச்சு, மற்றத் தாள்களில் வாங்கின மதிப்பெண்ணை வீட்டில் வைத்து அழகு பார்க்க வேண்டியதுதான்.

போன வருஷம் அவள் செய்த குற்றம் இதுதான்: நாவலைப் படித்தாள், பிடித்திருந்தது, ஏன் பிடித்தது என்று எழுதிக்கொண்டு போனாள். வாய்மொழித் தேர்வில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர், மாணவர்கள் எல்லோரும் கைடு சார் என்று கூப்பிடுகிறவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா இல்லையான்னு யாரும்மா கேட்டா?"

"படிக்கச் சொன்னீங்களே சார்."

"படிக்கச் சொன்னா படிக்கிறதா? ஆராயணும்மா."

ஆகவே இந்த வருஷம் அவள் பயபக்தியோடு திட்டம் போட்டாள். கைடு சாரின் அறைக்குப் போய் ஒரு மாணவி எப்படி உட்கார வேண்டுமோ அப்படி நாற்காலியின் முன்விளிம்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். தலைப்பின் நடுவில் முக்காற்புள்ளி இருக்க வேண்டும். அதற்கு முன்னால் இருப்பது யாருக்கும் புரியக் கூடாது. பின்னால் இருப்பது முன்னால் இருப்பதை விளக்குவது போலத் தோன்ற வேண்டும். துணை நூல்கள் பதினைந்துக்குக் குறையக் கூடாது.

"அந்தப் பதினைஞ்சுல நாவலைச் சேர்த்துக்கலாமா சார்?"

"நாவல் துணை நூல் இல்லையேம்மா. அது மூலம்."

"அப்ப மூலத்துக்கு மார்க் உண்டா சார்?"

"மூலத்தை நம்பி வந்துதான் போன வருஷம் பெயில் ஆனீங்க" என்றார் கைடு சார், நியாயமாக.

இந்த நாவலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மேலே நடந்தது விளங்கும். கலங்கரை விளக்கம் ஒன்றின் காவலாளி, அவருடைய ஒரே மகள். அவளுக்கு அந்தப் பாறைத் தீவை விட்டு வெளியே போக ஆசை. அப்பாவைத் தனியே விடவும் மனசில்லை. நானூறு பக்கத்துக்கு அந்தப் பெண் திண்டாடுகிறாள். கடைசியில் ஒரு மழைநாளில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். 'அவள் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள். வெளியே' என்று இருக்கிறது. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. ஒரு முற்றுப்புள்ளி கூடக் கிடையாது.

அந்த இல்லாத முற்றுப்புள்ளியில்தான் கைடு சார் வீடு கட்டியிருந்தார். அவருடைய டாக்டர் பட்டம் அதைப் பற்றியது. 'வைக்கப்படாத புள்ளி' என்று அவர் போட்ட புத்தகத்துக்கு அவருடைய துறை இதழிலேயே நான்கு பாராட்டுரைகள் வந்தன. அவரிடம் ஆய்வு செய்தவர்கள் ஆளுக்கொரு மூலையைப் பிரித்துக்கொண்டார்கள். கதவைப் பற்றி ஒருத்தி, தாழ்ப்பாளைப் பற்றி ஒருத்தர். வெளியே நிற்பது மரணம் என்று ஒரு கூட்டம், விடுதலை என்று ஒரு கூட்டம், வாசகராகிய நாமேதான் என்று இன்னொரு கூட்டம். மூன்று கூட்டமும் ஆசிரியர் அறையில் தனித்தனி மேசையில் தேநீர் குடித்தது.

நாவல் அச்சில் இல்லாமல் போய்ப் பல காலம் ஆகியிருந்தது. கல்லூரி நூலகத்தில் ஒரே ஒரு பிரதி, கண்ணாடி அலமாரிக்குள், பூட்டுக்குள். அதை எப்போதோ யாரோ நகலெடுத்து வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவைத்திருந்தார்கள். வருஷா வருஷம் அந்த நகலின் நகலின் நகல்தான் எல்லோர் கைக்கும் வரும். எழுத்து மங்க மங்க ஆராய்ச்சி ஆழமாகிக்கொண்டே போனது.

டோக்கன் அக்கா இந்தத் தடவை நல்ல பிள்ளையாகத் தலைப்பு வைத்தாள். 'நிற்றலும் நில்லாமையும்: ஒரு முடிவின்மையை வாசித்தல்'. கைடு சார் படித்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் பாதை தெரியுது" என்று கையெழுத்துப் போட்டார். அவளுக்கு அந்தத் தலைப்பில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. அது நல்ல சகுனமாகத்தான் பட்டது.

வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்க அட்டைத் துண்டுகள் பரப்பியிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு மேற்கோள். வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். தட்டு வைக்க இடமில்லாமல் மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே ஒரு அட்டையை எடுத்துப் படித்தார்.

"'அவள் நிற்கிறாள் என்பதைவிட, நிற்றல் அவளாக நிகழ்கிறது'. ஏன்டி, இந்த ஆளுக்கு என்ன ஆச்சு?"

"வைங்க அதை. குழம்பு சிந்திடும். அது எட்டாவது துணை நூல்."

"கதை அப்படியே நின்னுடுதா?"

"நிக்கிறதுதாங்க அதோட பெருமை."

"லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா எங்களை யாரும் பெருமைன்னு சொல்லமாட்டேங்கிறாங்களே" என்றார் அவர். டோக்கன் அக்கா அட்டையைப் பிடுங்கி வைத்தாள்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் நாத்தனார் வந்து இறங்கினாள். அவள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்களாம், வாடை தாங்கவில்லையாம், ஒரு வாரம் தம்பி வீட்டில் இருந்துவிட்டுப் போகிறாளாம். நாத்தனார் அந்தக் காலத்திலேயே இதே இலக்கியப் பட்டத்தை முழுசாக முடித்தவள். அதை அவளாகச் சொல்லிக்கொள்ளமாட்டாள். யாராவது கேட்கும்வரை பேச்சை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருப்பாள். ஒரு கல்யாணத்துக்கு, நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் பச்சை உடுத்துகிறோம் என்று சொல்லி, தம்பி பெண்டாட்டியை மட்டும் பச்சையில் நிறுத்திவைத்தவள். அது மறதியா வேண்டுமென்றே செய்ததா என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

வந்தவள் பையைக் கீழே வைக்குமுன் மேசையை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இது என்ன, சீட்டாட்டமா?"

"கட்டுரை அண்ணி. கைடு சார் ஒத்துக்கிட்டார்."

நாத்தனார் தலைப்பை வாய்விட்டுப் படித்தாள். பிறகு நாவலின் பெயரைப் பார்த்தாள். பிறகு மறுபடி தலைப்பைப் பார்த்தாள்.

"முடிவு இல்லைன்னு யார் சொன்னா? கடைசில அவ அந்தப் படகு கட்டுறவனைக் கட்டிக்கிட்டு அப்பாவையும் கூட்டிட்டுக் கரைக்குப் போயிடறாளே."

டோக்கன் அக்காவுக்குப் பச்சை நிறம் கண்முன் வந்து போனது.

"இல்லை அண்ணி. கதவைத் திறக்கிறதோட முடிஞ்சிடும்."

"அதுக்கப்புறம் ரெண்டு அத்தியாயம் இருக்கும்மா."

"நான் மூணு தடவை படிச்சிருக்கேன்."

"மூணு தடவையும் முழுசாப் படிக்கலைன்னா நான் என்ன செய்ய?"

"அக்கா, வந்ததும் ஆரம்பிக்காதே" என்றார் வீட்டுக்காரர், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"நான் எங்கடா ஆரம்பிச்சேன்? இவதான் முடிவில்லைங்கிறா."

ஒரு நாள் முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பேசாமல் இருப்பதையும் பாத்திரங்களின் சத்தத்தால் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொண்டார்கள். கெடுக்கத்தான் வந்திருக்கிறாள், ஒரு வீட்டில் ஒரு பட்டம் போதும் என்று நினைக்கிறாள் என்று டோக்கன் அக்கா உள்ளுக்குள் குமுறினாள். மறுநாள் சாயங்காலம் நாத்தனாரைக் காணவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். முழங்கையில் ஈரப் பெயிண்ட், தலையில் சுண்ணாம்புத் தூசி. கையில் நீல அட்டை போட்ட தடிப் புத்தகம்.

"ஏணி மேல நின்னவனை இறக்கிவிட்டு, அலமாரியை நகர்த்தி எடுத்துட்டு வந்திருக்கேன். நான் பொய் சொல்றவளா இருந்தா இவ்வளவு அழுக்காவேனா?"

டோக்கன் அக்கா நின்றபடியே கடைசிப் பகுதியைப் புரட்டினாள். அதே மழை, அதே தாழ்ப்பாள். பக்கத்தின் கடைசிச் சொல் 'வெளியே'. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். 'பெரியப்பா குடையை மடக்கிக்கொண்டு நின்றிருந்தார். "கதவைத் திறக்க இவ்வளவு நேரமா? காலெல்லாம் ஈரம்" என்றார்.'

மரணமும் இல்லை, விடுதலையும் இல்லை. பெரியப்பா.

பெரியப்பாவை உள்ளே விட்டு, அவருக்குத் துண்டு கொடுத்து, அவர் கொண்டுவந்த சேதியைக் கேட்டு, அப்பாவும் மகளும் முதல் தடவையாக மனம்விட்டுப் பேசி, படகு வந்து, கல்யாணம் நடந்து, தீவு சிறியதாகிக் கடலில் கரைகிறவரை இன்னும் முப்பத்திரண்டு பக்கம் இருந்தது. டோக்கன் அக்கா மேசையடியிலேயே உட்கார்ந்து படித்தாள். அப்பா தன் பழைய விளக்குத் துணியை மடித்துப் பெட்டியில் வைக்கிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழறியா?" என்றாள் நாத்தனார்.

"தூசி."

"அந்த இடத்துல எனக்கும் தூசி விழும்" என்றாள் நாத்தனார். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பனி அத்தோடு உருகிவிடவில்லை என்றாலும், அன்று இரவுச் சாப்பாட்டில் பாத்திரங்கள் மெதுவாகத்தான் பேசின.

மறுநாள் அவள் நூலகத்துக்கு ஓடினாள். கண்ணாடி அலமாரிப் பிரதியை வெளியே எடுக்கச் சொல்லி முதுகைத் தடவிப் பார்த்தாள். புது அட்டை போட்டுத் திரும்பத் தைத்திருந்தார்கள். புத்தகங்கள் பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத் தைக்கப்படுகிறவை. அப்படிக் கடைசி இரண்டு மடிப்பு, தைக்கப் போன இடத்தில் விட்டுப்போயிருந்தது.

"சார், இதுல கடைசில முப்பத்திரண்டு பக்கம் இல்லை."

நூலகர் புத்தகத்தை வாங்கி எடைபார்ப்பது போல் கையில் தூக்கிப் பார்த்தார்.

"பைண்டிங்குக்குக் கொடுத்தது எனக்கு முன்னாடி இருந்தவர்."

"இத்தனை வருஷமா யாருமே கேக்கலையா?"

"ஒருத்தர் கேட்டார். கைடு சார்கிட்ட அனுப்பினேன். அவர் திரும்பி வந்து, 'இல்லாததுதான் சார் இருக்கு' அப்படின்னார். அதுக்கு மேல நான் என்னத்தைக் கேக்க?"

வேடிக்கை என்னவென்றால் அவளுடைய பதினைந்து துணை நூல்களிலேயே ஒன்றில், வெளியூர் விமர்சகர் ஒருவர் 'திருமணத்தில் சுபமாக முடியும் இந்நாவல்' என்று எழுதியிருந்தார். கைடு சார் தன் புத்தகத்தில் அதற்கு ஓர் அடிக்குறிப்பும் போட்டிருந்தார்: 'திருமணம் என்பதை இங்கே குறியீடாகக் கொள்க.'

கட்டுரை கொடுக்க ஒரு வாரம்தான் இருந்தது. தலைப்பில் கையெழுத்து விழுந்தாகிவிட்டது. வீட்டில் மாநாடு கூடியது.

"பேசாம அவர் சொல்ற மாதிரியே எழுதிக் குடுத்துட்டு வாயேன்" என்றார் வீட்டுக்காரர். "டிகிரி கைக்கு வந்தப்புறம் உண்மையை வெச்சுக்கலாம்."

"தம்பி சொல்றதும் சரிதான்" என்றாள் நாத்தனார். "அந்த ஆள் பொழைப்பே அதுல இருக்கு. அடிமடியில கை வெச்சா விடுவாரா? உன்னைத்தான் பெயில் போடுவார். நீ பெயில் ஆகணும்னு நான் புத்தகத்தைத் தூக்கிட்டு வரலை."

"பின்ன எதுக்கு அண்ணி தூக்கிட்டு வந்தீங்க?"

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். "நான் சொன்னது சரின்னு நீ ஒத்துக்கணும்ல."

டோக்கன் அக்கா முயன்று பார்க்காமல் இல்லை. அட்டைகளை வரிசையாக அடுக்கி, 'வெளியே நிற்பது யார் என்ற கேள்விக்கு விடையின்மையே விடை' என்று எழுதினாள். எழுதி முடித்ததும் பெரியப்பா ஈரக்காலோடு கண்முன் வந்து நின்றார். அடித்தாள். 'வெளி என்பது வெறுமை' என்று எழுதினாள். பெரியப்பா குடையை உதறினார். மூன்றாவது வாக்கியத்தில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தெரியாமல் எழுதியிருந்தால் ஆராய்ச்சி. தெரிந்த பிறகு அதே வாக்கியத்தை எழுதினால் அதற்கு வேறு பெயர். பட்டம் வேண்டும்தான். ஆனால் அந்த அப்பா துணியை மடித்து வைத்ததே நடக்கவில்லை என்று எழுதி வாங்குகிற பட்டம் தொண்டையில் நிற்கும் போலிருந்தது. கைடு சாரிடம் நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அவருடைய கடவாய்ப்பல் வழி செய்து கொடுத்தது. இரண்டு நாள் கழித்து, ஒரு கன்னம் பன்னு மாதிரி உப்பிப்போய், கைக்குட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குள் வந்தார்.

"சீக்கிரம்... உள்ள அனுப்புங்கம்மா. உயிர் போகுது."

"உங்களுக்கு முன்னாடி நாலு பேர் இருக்காங்க சார். உக்காருங்க." டோக்கனைக் கொடுத்தாள். மனப்பாடம் செய்துவைத்திருந்த பேச்சு மொத்தமும் அந்த நேரத்தில் மறந்து தொலைந்தது. மேசை இழுப்பறையைத் திறந்து நீல அட்டைப் புத்தகத்தை எடுத்தாள். "அதுவரைக்கும் இதைப் பாருங்க சார். அடையாளம் வெச்ச இடத்துல இருந்து."

அவர் ஏதோ வாரப் பத்திரிகை என்று நினைத்து வாங்கிக்கொண்டார். மூலை நாற்காலியில் உட்கார்ந்து பிரித்தார். டோக்கன் அக்கா எழுதுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். முதலில் அவர் புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தார். பிறகு பதிப்பகத்தின் பெயரைப் பார்த்தார். பிறகு திரும்பத் திறந்து ஒரே பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை கன்னத்திலிருந்து மடிக்கு இறங்கியது.

"அடுத்தது நீங்க சார்" என்றாள் ஒரு கட்டத்தில்.

அவர் நிமிராமலே பக்கத்தில் இருந்த கிழவரை நோக்கிக் கையைக் காட்டினார், நீங்கள் போங்கள் என்று. கிழவர் போனார். அப்புறம் ஒரு குழந்தையும் அம்மாவும் போனார்கள். அப்புறம் கட்டுப் பல் மாட்ட வந்தவர். முன்னறையில் யாரும் தன் முறையை விட்டுக்கொடுத்து அவள் பார்த்ததே இல்லை. கைடு சார் வலது கையால் வரிசையாகத் தானம் செய்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "வலின்னு சொன்னவர் எங்க?" என்றாள்.

கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு அவர் எழுந்து மேசைக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இது நல்லா இல்லையே" என்றார்.

"எது சார்?"

"முடிவு." வீங்கிய கன்னத்தோடு சொற்கள் கொழகொழவென்று வந்தன. "பெரியப்பா வர்றதாவது. கல்யாணமாவது. அந்தப் பொண்ணை இத்தனை வருஷமா நான் மழைல, வாசல்ல, எவ்வளவு... எவ்வளவு மரியாதையா நிக்க வெச்சிருந்தேன். அவ பாட்டுக்குத் துண்டு எடுத்துக் குடுத்துட்டு, உள்ள போய்த் தூங்கியிருக்கா."

"நல்லாத் தூங்கினாள்னு போட்டிருக்கு சார்."

"பார்த்தேன்."

டோக்கன் அக்கா பேனாவை மூடி வைத்தாள்.

"சார், நான் இதை வெச்சுத்தான் கட்டுரை எழுதப் போறேன். நம்ம புத்தகத்துல பக்கம் இல்லை, அதனால நாம இப்படிப் படிச்சோம், முழுசா இருந்தா இப்படின்னு. எனக்கு இது கடைசி வாய்ப்பு. நீங்க பெயில் போட்டா அவ்வளவுதான்."

"இதை நான் பாஸ் போட்டா, எனக்கு அவ்வளவுதான்."

"தெரியும் சார்."

அவர் கன்னத்தைத் தடவினார். வலி திரும்பி வந்துவிட்டது போல. "வெளித்தேர்வாளர் வர்றாங்க. எழுதறதை எழுதுங்க. அவங்க பார்த்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அது சம்மதமா மிரட்டலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. புத்தகத்தை அவர் திருப்பித் தரவும் இல்லை. இரண்டு நாள் கழித்து, பழுப்பு உறையில் போட்டு யார் மூலமோ அனுப்பிவைத்தார்.

அவள் எழுதினாள். முக்காற்புள்ளி வைக்க மனம் வரவில்லை. 'நம் நூலகப் பிரதியில் இல்லாத முப்பத்திரண்டு பக்கங்கள்' என்று தலைப்பிட்டாள். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பிழை திருத்தினாள். சரியாக இருந்ததையும் இரண்டு இடத்தில் திருத்தினாள். அவள் வீட்டுப் பெயிண்ட் எப்போதோ காய்ந்திருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வாய்மொழித் தேர்வன்று வெளித்தேர்வாளராக வந்தவர், வேறொரு பெரிய கல்லூரியின் பேராசிரியை. வெள்ளி விளிம்புக் கண்ணாடி, எதிரில் கட்டுரை. பக்கத்து நாற்காலியில் கைடு சார். பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, கன்னம் பழைய அளவுக்கு வந்திருந்தது. அவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"இதுல ஒரு பெரிய குற்றச்சாட்டு இருக்கே" என்றார் பேராசிரியை.

"குற்றச்சாட்டு இல்லைங்க மேடம். பக்கம் இல்லைன்னுதான் எழுதியிருக்கேன்."

"எங்க கல்லூரி நூலகத்துல இருக்கிறது முழுப் புத்தகம். பெரியப்பா, படகு, கல்யாணம், எங்களுக்கு எல்லாமே தெரியும்."

டோக்கன் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா? அப்ப ஏன் மேடம் யாருமே எங்களுக்குச் சொல்லலை?"

"உங்க சாருக்குத் தெரியாதுன்னு எங்களுக்கு எப்படித் தோணும்? அவர் தெரிஞ்சேதான் ஒதுக்கறார்னு நினைச்சோம். எழுத்தாளர் எழுதின முடிவையே வேண்டாம்னு தள்ற துணிச்சல். அதுக்கு முடிவுமறுப்பு வாசிப்புன்னு பேரே வெச்சிருக்கோம். அதை அடிப்படையா வெச்சு என்கிட்டயே நாலு பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்காங்க." அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கைடு சார் பக்கம் திரும்பினார். குரல் இளகியது. "நீங்களே சொல்லுங்க சார். தெரிஞ்சுதானே செஞ்சீங்க?"

கயிறு கையெட்டும் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று அவர் தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். அவர் மேதை. டோக்கன் அக்காவின் கட்டுரை, விஷயம் புரியாத மாணவி கட்டிவிட்ட அவதூறு. இரண்டாவது வாய்ப்பும் அங்கேயே முடிந்துவிடும். அவள் அவருடைய கையைப் பார்த்தாள். விரல்கள் மேசை விளிம்பில் ஏதோ எண்ணுவது போலத் தட்டிக்கொண்டிருந்தன. மென்று விழுங்கினார். புதிதாகக் காலியான இடத்தை நாக்கு தொட்டுப் பார்ப்பது கன்னத்தில் தெரிந்தது.

"சார்?" என்றார் பேராசிரியை.

"இல்லைங்க" என்றார் கைடு சார். "பெரியப்பா நிக்கிறார்னு எனக்கு யாரும் சொல்லலை."

பேராசிரியை கட்டுரையை மூடிவைத்தார்.

"இதை நீங்க இப்ப சொல்லியிருக்க வேண்டாம்" என்றார் பேராசிரியை, மெதுவாக. அவர் மனதில் நாலு டாக்டர்களும் வரிசையாக வந்துபோவது முகத்திலேயே தெரிந்தது.

"கேட்டீங்களே."

"கேட்டா உடனே சொல்லிடறதா?"

"இந்தம்மா எழுதினது உண்மை. நான்தான் வாசல்லயே நின்னுட்டேன். பாஸ் போடுங்க."

பேராசிரியை நெடுநேரம் கட்டுரையின் ஓரங்களைத் தட்டிச் சீராக்கிக்கொண்டிருந்தார். பிறகு தேர்ச்சிக்கு எத்தனை மதிப்பெண் வேண்டுமோ அத்தனை மட்டும், ஒன்று கூடக் கூடாமல், போட்டார். துணை நூல்கள் போதாது என்று ஓரத்தில் எழுதினார். கட்டுரையை நூலகத்தில் பார்வைக்கு வைக்க வேண்டிய அவசியமில்லை என்று இன்னொரு வரியும் எழுதி, அதன் கீழே அழுத்தமாகக் கோடு போட்டார்.

வெளியே வராந்தாவில் டோக்கன் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தொலைபேசியை எடுத்து நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"பாஸ் அண்ணி."

"எவ்வளவு?"

சொன்னாள். 

"பரவாயில்லை" என்றாள் நாத்தனார். "என்னைவிடக் கம்மிதான். அதுவும் நல்லதுக்குத்தான், இனி நான் நிம்மதியா எங்க வீட்டுக்குக் கிளம்பலாம். வரும்போது ஏதாவது இனிப்பு வாங்கிட்டு வா. தம்பிகிட்ட நானே சொல்றேன், நீ சொல்லாதே."

போனை வைக்கும்போது கைடு சார் அறையிலிருந்து வெளியே வந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். நன்றி சொல்ல வாயெடுத்தவளைக் கையால் நிறுத்தினார்.

"அடுத்த வருஷத்துல இருந்து பாடத்துல வேற நாவல் வெக்கச் சொல்லப்போறேன்."

"ஏன் சார்? இப்பதானே முழுசாக் கிடைச்சிருக்கு. எல்லாரும் நல்லாப் படிக்கலாமே."

"முழுசாக் கிடைச்சிடுச்சேம்மா" என்றார் கைடு சார், வருத்தத்தோடு. "இனிமே இதுல ஆராய என்ன இருக்கு?"